எங்கள் வீட்டில் சம்பளம் இரட்டிப்பானது, மருந்துச் செலவு மூன்றரை மடங்கானது ஏன்?

ஒற்றியூர் அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். திருவொற்றியூர் தேரடிக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறோம். என் கணவர் மணலியில் ஒரு தொழிற்சாலையில் வெல்டர். வீட்டுக் கணக்கை நோட்டில் எழுதி வைப்பது என் பழக்கம். கல்யாணமான முதல் மாதத்திலிருந்து ஒரு மாதம்கூட விட்டதில்லை. போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது 2016ஆம் ஆண்டு நோட்டு கையில் அகப்பட்டது. சம்பளம் 13,500. மருந்து 400. இந்த மாத நோட்டில் சம்பளம் 27,000. மருந்து 1,400. அதற்குக் கீழே, 2016இல் இல்லாத ஒரு வரி: கேன் தண்ணீர் 560. இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, உலை கொதித்து வழிவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

வந்த வசதியை நான் மறக்கவில்லை. ஊத்துக்கோட்டைப் பக்கம் எங்கள் கிராமத்தில் என் அம்மா முப்பது வருடம் ஊதுகுழல் வைத்து விறகு அடுப்பை ஊதியவர். ஐப்பசி, கார்த்திகையில் ஈர விறகு எரியாது. புகை கூரையிலேயே நிற்கும். அம்மாவின் இருமல் எங்கள் வீட்டில் கடிகாரம் மாதிரி, விடியற்காலை நான்கரைக்குத் தொடங்கிவிடும். நான் அப்படி ஒரு நாளும் ஊதியதில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேஸ் அடுப்புதான். அது என் கணவரின் சம்பளத்தில் வந்தது, அந்தச் சம்பளம் மணலியிலிருந்து வந்தது. எனக்குத் தெரியும்.

ஆனால் என் மகளுக்கு ஒன்பது வயது. மூன்று வயதிலிருந்து இளைப்பு. மார்பு விலா இரண்டு பக்கமும் உள்ளே இழுக்க, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு விடும்போது அவள் கண்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். பெரும்பாலும் நள்ளிரவுக்கு மேல்தான் வரும். மணலி இருக்கும் மேற்குப் பக்கமிருந்து காற்று அடிக்கிற இரவுகளில், முட்டை அழுகியது போன்ற நாற்றமும் சில நாள் கூடவே வரும். எழுந்து ஜன்னலைச் சாத்துவேன். சாத்தினால் புழுக்கம், திறந்தால் நாற்றம்.

ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். போன மே மாதம் வடாம் போட்டேன். விடியற்காலையில் கூழ் காய்ச்சி, மாமனாரின் பழைய எட்டு முழ வேட்டியை மொட்டைமாடியில் விரித்து, ஏழு மணிக்குள் பிழிந்து முடித்தேன். மறுநாள் மத்தியானம் வேட்டியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து வடாமை உரித்தெடுத்தேன். உரித்த இடமெல்லாம் வெள்ளை வெளேரென்று வட்டம் வட்டமாக இருந்தது. வட்டத்துக்கு வெளியே வேட்டி சாம்பல் நிறம். விரலால் இழுத்தால் கோடு விழுந்தது. வெள்ளை வேட்டிதான் விரித்திருந்தேன். இரண்டு பகல், ஒரு இரவு, அவ்வளவுதான். அந்த வடாம் முழுவதையும் கொட்டிவிட்டேன். மூன்று படி அரிசி. வடாமைக் கொட்டலாம், அந்த இரண்டு நாளும் என் பெண் இழுத்த மூச்சை எங்கே கொட்டுவது?

2020 ஊரடங்கில் ஏப்ரல், மே இரண்டு மாதமும், மருந்தை ஆவிபோல மூச்சில் ஏற்றும் நெபுலைசரை நான் அலமாரியிலிருந்து எடுக்கவே இல்லை. மகள் மாடியில் ஓடி விளையாடினாள். அதே இரண்டு மாதம் கணவருக்குப் பாதிச் சம்பளம். நகையை அடகு வைத்தோம். இரண்டும் ஒரே வீட்டில், ஒரே நேரத்தில் நடந்தன.

என் கொழுந்தனார் போட்டித் தேர்வு மாணவர்களுக்குப் பொருளாதாரம் நடத்துகிறார். “அண்ணி, எல்லா நாடும் முதலில் அழுக்காகித்தான் பிறகு சுத்தமானது. லண்டனைப் பாருங்கள். வருமானம் ஏற ஏற ஆரோக்கியம் தானாக வந்துவிடும், கொஞ்சம் பொறுக்க வேண்டும்” என்கிறார். அவர் நல்ல மனிதர், எனக்கு ஆறுதல் சொல்லத்தான் சொன்னார். ஆனால் எவ்வளவு நாள் பொறுப்பது? தானாக வருமா? நான் வாங்குகிற கேன் தண்ணீரும் நெபுலைசர் மருந்தும்கூட நாட்டின் உற்பத்திக் கணக்கில் வளர்ச்சியாகத்தான் சேரும் என்று அவரே ஒருநாள் சொன்னார். அது உண்மையா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மணலி இரண்டாம் ஷிப்ட்:

அக்கா, உங்கள் பதிவைச் சாப்பாட்டு இடைவேளையில் படித்தேன். முதலில் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன்: தொழிற்சாலையைக் குறை சொல்லும் பேச்சு எதைக் கேட்டாலும் எனக்கு வயிற்றைக் கலக்கும். என் அப்பா செங்கம் பக்கத்தில் மானாவாரிக் கடலை போட்டவர். மூன்று வருடம் மழை பொய்த்து, நாங்கள் ஐந்து பேர் ஒருவேளை சோற்றில் இருந்திருக்கிறோம். என் தங்கை வயிற்றுப்போக்கில் போனாள். இன்று என் இரண்டு பிள்ளைகளும் முட்டை, பால் சாப்பிடுகிறார்கள். என் உயரத்தைவிட என் பையன் பதினைந்து வயதிலேயே உயரம். இதுவும் ஆரோக்கியம்தானே. மணலியை மூடிவிட்டால் சுத்தமான காற்றை மட்டும் சாப்பிட்டு வாழ முடியாது.

ஆனால் நீங்கள் மூடச் சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன். அதனால் நானும் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். ஆபத்தான ரசாயனம் கையாளும் பிரிவில் வேலை செய்கிறவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1987இல், தொழிற்சாலைச் சட்டத்தில் சேர்த்தார்கள். எனக்கு நடக்கிறது. குழாயில் பலமாக ஊதச் சொல்லி நுரையீரலின் கொள்ளளவைப் பார்க்கிறார்கள், ரத்தம் எடுக்கிறார்கள், அட்டையில் எழுதுகிறார்கள். நான் எட்டு மணி நேரம் முகக்கவசத்தோடு உள்ளே இருக்கிறேன். சுற்றுச்சுவருக்கு இந்தப் பக்கம், முந்நூறு அடியில் இருக்கிறது என் வீடு. என் மனைவி இருபத்து நான்கு மணி நேரமும் அங்கேதான். அவளை யாரும் இதுவரை ஊதிப் பார்க்கச் சொன்னதில்லை. பதினோரு வருடமாக இது எனக்கு உறைக்கவே இல்லை. உங்கள் வேட்டியைப் படித்த பிறகுதான் உறைத்தது.

---

ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர், பெரம்பூர்:

அம்மா, உங்கள் கொழுந்தனார் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்காக இந்த ஊரில் முப்பத்தைந்து வருடம் தெருத் தெருவாக அலைந்தவன் நான். 1981இல் சுகாதார ஆய்வாளராகச் சேர்ந்தேன், 2016இல் ஓய்வு. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லண்டனிலிருந்தே தொடங்குவோம். 1952 டிசம்பரில் ஐந்து நாள் அந்த நகரத்தை நிலக்கரிப் புகை மூடியது. அப்போது கணக்கிட்டபடியே சுமார் நாலாயிரம் பேர் இறந்தார்கள்; பிற்கால ஆய்வுகள் பன்னிரண்டாயிரம் வரை சொல்கின்றன. அந்த 1952இல் பிரிட்டன் ஏழை நாடா? உலகத்தின் பணக்கார நாடுகளில் ஒன்று. ஆலைப் புகை தொடங்கி நூற்றைம்பது வருடம் கடந்திருந்தது. வருமானம் எப்போதோ வந்துவிட்டது, புகை மட்டும் போகவில்லை. 1956இல் தூய காற்றுச் சட்டம் போட்டு, இன்ன பகுதியில் புகை வரும் நிலக்கரியை எரிக்கக்கூடாது என்று அதிகாரத்தோடு சொன்ன பிறகுதான் போகத் தொடங்கியது. உங்கள் கொழுந்தனார் நடத்தும் பாடத்தில் ஒரு வளைகோடு வரும்: முதலில் மாசு ஏறும், நாடு பணக்காரனானதும் இறங்கும். 1990களில் அந்த ஆய்வைச் செய்த கிராஸ்மன், க்ரூகர் இருவருமே, இது தானாக நடப்பதில்லை, மக்கள் கேட்டு அரசு விதி போடுவதால் நடப்பது என்று எழுதிவைத்தார்கள். அந்த வரியை அவரிடம் காட்டுங்கள்.

உற்பத்திக் கணக்கு பற்றி அவர் சொன்னது முழு உண்மை. நீங்கள் வாங்கும் ஒவ்வொரு கேனும் கூட்டலில்தான் சேரும். தேசிய வருமானத்தைக் கணக்கிடும் முறையை அமெரிக்காவுக்கு வகுத்துக் கொடுத்த சைமன் குஸ்நெட்ஸே 1934இல், இந்த எண்ணை வைத்து ஒரு நாட்டு மக்களின் நலத்தை ஊகிக்க முடியாது என்று எச்சரித்தார்.

பணத்துக்கும் ஆயுளுக்கும் தொடர்பே இல்லையென்று நான் சொல்லவில்லை. 1975இல் பிரெஸ்டன் என்ற மக்கள்தொகை அறிஞர் நாடுகளின் வருமானத்தையும் சராசரி ஆயுளையும் ஒரு வரைபடத்தில் குறித்தார். ஏழை நாட்டுக்குக் கொஞ்சம் பணம் கூடினாலும் ஆயுள் சரசரவென்று ஏறுகிறது, மணலித் தம்பியின் வீட்டில் நடந்தது போல. ஆனால் அவர் கண்ட இன்னொன்றுதான் எனக்கு முக்கியம். 1930களுக்கும் 1960களுக்கும் இடையே உலகத்தில் ஆயுள் கூடியதில் முக்கால் பங்குக்கு மேல் வருமானத்தால் வந்ததில்லை என்றார் அவர். தடுப்பூசி, கொசு ஒழிப்பு, மருந்து, சுத்தமான தண்ணீர் இவற்றால் வந்தது. நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். அரசு எடுக்கும் பிறப்பு, இறப்பு மாதிரிப் பதிவின் 2020ஆம் ஆண்டுக் கணக்கில் ஆயிரம் குழந்தைகளுக்கு முதல் வயதுக்குள் இறப்பது தமிழ்நாட்டில் 13. இந்தியா முழுவதற்கும் 28. தனிநபர் வருமானத்தில் நமக்குச் சற்றும் குறையாத ஹரியானாவிலும் அதே 28தான். அந்த வித்தியாசத்தைச் சம்பளம் கொண்டுவரவில்லை. கிராமச் செவிலியர் கொண்டுவந்தார், சத்துணவு கொண்டுவந்தது, 1939லேயே பொதுச் சுகாதாரத்துக்கென்று தனிச் சட்டம் போட்ட மாகாணம் என்ற பழக்கம் கொண்டுவந்தது.

சேத்துப்பட்டில் 1956இல் ஒரு காசநோய் ஆய்வு மையம் திறந்தார்கள். அன்று காசம் என்றால் சானடோரியம் என்ற தனி மருத்துவமனை, பால், முட்டை, காற்றோட்டம், முழு ஓய்வு. இவர்கள் இந்த நகரத்து ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியை மருத்துவமனையில் சேர்த்து நல்ல சாப்பாடு போட்டார்கள். மறு பாதியை அவர்கள் குடிசைக்கே அனுப்பி, மாத்திரையை மட்டும் இலவசமாகக் கொடுத்து, வீடு தேடிப் போய்த் தின்கிறார்களா என்று பார்த்தார்கள். குடிசையில் ஓர் அறையில் ஏழெட்டுப் பேர், கஞ்சிதான் சாப்பாடு. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பாதியும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமாகியிருந்தன. வீட்டில் இருந்தவர்களுக்கும் கூடுதலாகத் தொற்றவில்லை. 1959இல் அந்த முடிவு வெளிவந்த பிறகு உலகம் முழுக்கச் சானடோரியங்களின் தேவை குறையத் தொடங்கியது. ஏழ்மையில் இருந்தபடியே குணமாக முடியும் என்று உலகத்துக்குக் காட்டிய ஊர் இது. சொல்லும்போதே எனக்கு நெஞ்சு நிமிரும்.

வேலையில் நான் பார்த்த பயங்கரம் 1992 அக்டோபர். காலரா எங்களுக்குப் பழகிய எதிரி. ஆனால் அந்த வருடம் வந்த கிருமி பழைய சோதனைக்குப் பிடிபடவில்லை. பெரியவர்களே சுருண்டு விழுந்தார்கள். ஓ139 என்று பிறகு பெயர் வைத்த அந்தப் புதிய வகை முதலில் வெளிப்பட்டது இந்தச் சென்னையில்தான். எங்கள் கையில் இருந்தது குளோரோஸ்கோப் என்ற சின்னப் பெட்டி. குழாய்த் தண்ணீரைச் சிறு கண்ணாடிக் குழாயில் பிடித்து இரண்டு சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் ஏறும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருந்தால் போதும். நிறம் ஏறாத தெருவில் அன்றைக்கே குழாயைத் தோண்டுவோம். சாக்கடையும் குடிநீரும் ஒரே பள்ளத்தில் ஓடிய இடங்களில்தான் நிறம் ஏறாது. மேற்கே பெரிய வீடுகளிலும் நிறம் பார்த்திருக்கிறேன், வியாசர்பாடி அடிபம்பிலும் பார்த்திருக்கிறேன். பணக்காரத் தெருவுக்கு ஓர் அளவு, ஏழைத் தெருவுக்கு ஓர் அளவு என்று அந்தப் பெட்டியில் இல்லை.

இனி வளர்ச்சியே கொண்டுவந்த நோய். 2000க்குப் பிறகு பழைய மகாபலிபுரம் சாலை நெடுகக் கட்டடம் எழுந்தது. செங்கல் நனைக்கும் தொட்டி, தரைத்தளக் குழியில் தேங்கிய நீர், தளத்தில் பாத்தி கட்டி நிறுத்திய தண்ணீர். நகரத்து மலேரியாக் கொசுவான அனாபிலிஸ் ஸ்டெபன்சி சாக்கடையில் முட்டையிடாது. கிணறும் மேல்நிலைத் தொட்டியும் இப்படிப்பட்ட நல்ல தண்ணீரும்தான் அதற்கு வேண்டும். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த தொழிலாளர்களில் சிலர் உடம்பில் கிருமியோடு வந்தார்கள். அந்தக் குழிகளில் நாங்கள் கரண்டி விட்டு அள்ளிப் புழுவை எண்ணினோம். தகரக் கொட்டகையில் காய்ச்சலோடு கிடந்த பையன்கள் கட்டியவைதான் இன்று கண்ணாடி மாளிகைகளாக நிற்கின்றன. கட்டாதே என்று நாங்கள் சொல்லவில்லை. குழிக்கு மருந்து ஊற்று, தொழிலாளிக்கு ரத்தப் பரிசோதனை செய், வலை கொடு என்றோம். செய்த இடத்தில் குறைந்தது.

காற்றுக்கு வருகிறேன். மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் ஒரு மாத்திரையோ சொட்டு மருந்தோ பொடியோ இருந்தது; ஓர் ஆய்வாளன் பையில் எடுத்துப் போக முடிந்தது. காற்றுக்கு அப்படி எதுவும் என் பையில் இருந்ததில்லை. புகைபோக்கியின் வாயில் பிடித்தால் உண்டு, வெளியே விட்டுவிட்டால் யாராலும் திரும்பப் பிடிக்க முடியாது. நுண்துகள் என்கிறார்களே, 2.5 மைக்ரான், அது தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு. மூக்கும் தொண்டையும் அதைத் தடுக்காது. உங்கள் வேட்டியில் படிந்தது கனமான தூசு. அதைவிடச் சிறியது வேட்டியில் அவ்வளவாகப் படியாது, நுரையீரலின் அடிவரை போகும். இதற்கு ஆண்டுச் சராசரியாக உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த எல்லை கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம். 2009 முதல் நம் நாட்டு எல்லை 40. “வரம்புக்குள் இருக்கிறது” என்று யாராவது சொன்னால் எந்த வரம்பு என்று கேளுங்கள்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் தொழிற்பகுதிகளுக்கு மதிப்பெண் போட்டபோது மணலிக்கு 100க்கு 76 வந்தது. 70ஐத் தாண்டினாலே மிகக் கடுமையாக மாசடைந்த பகுதி. அனல்மின் நிலையங்கள் கந்தகப் புகையைப் பிடிக்கும் கருவி வைக்க 2015 டிசம்பரில் விதி வந்தது, இரண்டு வருடக் கெடுவோடு. அந்தக் கெடு எத்தனை முறை தள்ளிப்போனது என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். அந்த மின்சாரத்தில் சென்னை முழுக்க ஏசி ஓடுகிறது. சாம்பல் எண்ணூரில் கொட்டுகிறது. ஊருக்கு வந்த வளர்ச்சியில் உங்களுக்குக் கிடைத்தது சம்பளம் மட்டும்தான் அம்மா, அதையும் மருந்துக்கடையில் கொஞ்சம் திருப்பிக் கொடுத்துவிடுகிறீர்கள். இதைத் தானாக வரும் என்று சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. ஆரோக்கியம் தானாக வந்த ஒரு தெருவைக்கூட நான் என் பணிக்காலத்தில் பார்த்ததில்லை.

---

ஒற்றியூர் அம்மா:

ஐயா, மூன்று முறை படித்தேன். கொழுந்தனாருக்கும் அனுப்பினேன், அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. மணலித் தம்பி, உங்கள் தங்கையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் செய்யத் தோன்றவில்லை.

இப்போது எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். டாக்டர் வீடு மாற்ற முடியுமா என்று கேட்டார். தாம்பரம் பக்கம் போனால் வாடகை ஐயாயிரம் கூடும், கணவருக்குப் போக வர மூன்று மணி நேரம். நாங்கள் காலி செய்தால் இந்த வீட்டுக்கு வேறொரு குழந்தையோடு வேறொரு குடும்பம் வரும். இருந்தாலும் என் மகளை நான்தானே பார்க்க வேண்டும். போவதா, இருப்பதா?

---

நெஞ்சகப் பிரிவுச் செவிலியர்:

அம்மா, வீடு மாற்றுவதை நான் முடிவு செய்ய முடியாது. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது சில இருக்கின்றன. பதினாறு வருடமாக இளைப்புக் குழந்தைகளின் தாய்மாரிடம் தினமும் கேட்பதையே உங்களிடமும் கேட்கிறேன். மகளுக்கு இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார்களா? கொடுத்தும் “பழகிவிடும்” என்று பயந்து அலமாரியில் வைத்திருக்கிறீர்களா? நெபுலைசரைப் பற்றி மட்டும் எழுதியிருப்பதால் கேட்கிறேன். நெபுலைசரில் போடுவது பெரும்பாலும் அப்போதைக்கு மூச்சுக்குழாயைத் திறந்துவிடும் மருந்து. உள்ளே இருக்கும் வீக்கத்தை வற்றவைப்பது வேறு. அது தினமும் எடுக்க வேண்டிய தடுப்பு இன்ஹேலர். குழந்தை நன்றாக இருக்கும் நாளிலும் எடுக்க வேண்டும் என்பதுதான் யாருக்கும் மனம் ஒப்பாத இடம். நோய் இல்லாத நாளில் எதற்கு மருந்து என்று நிறுத்திவிடுகிறார்கள், அடுத்த மேல்காற்றில் ஓடி வருகிறார்கள். பிளாஸ்டிக் குடுவை போன்ற ஸ்பேசரை மாட்டிக் கொடுத்தால் மருந்து தொண்டையில் தங்காமல் உள்ளே போகும். எடுத்தபின் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். அளவையும் வகையையும் உங்கள் மருத்துவரே முடிவு செய்யட்டும்.

அடுத்தது, இரவில் என்ன ஏற்றுகிறீர்கள்? பக்கிங்காம் கால்வாய்க்கு அருகில் கொசு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், நான் கொருக்குப்பேட்டையில் வளர்ந்தவள். மூடிய அறையில் ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து தீரும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. மேற்கிலிருந்து நாற்றம் வருகிறதென்று ஜன்னலைச் சாத்துகிறீர்கள், உள்ளே சுருள் எரிகிறது, குழந்தை நடுவில் படுத்திருக்கிறது. உங்கள் அம்மாவின் விறகுப் புகையிலிருந்து தப்பி வந்த நீங்கள் அதே புகையைப் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்திருக்கக் கூடாது. சுருளை நிறுத்துங்கள், வலை கட்டுங்கள். ஊதுவத்தியும் வேண்டாம்.

ஊரடங்கைப் பற்றி ஒன்று. அந்த இரண்டு மாதம் காற்று தெளிந்தது உண்மை. ஆனால் பிள்ளைகள் யாரோடும் கலக்காததால் சளி, காய்ச்சலும் வரவில்லை. இளைப்பைத் தூண்டுவதில் சளிக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டில் எது எவ்வளவு என்று ஒரு வீட்டை வைத்துச் சொல்ல முடியாது. இதைச் சொல்வதால் உங்கள் பேச்சு பொய் என்று ஆகிவிடாது. யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டு உங்களை மடக்குவதற்கு முன் உங்களுக்கே தெரிந்திருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

அதற்குத்தான் நோட்டு. நீங்கள் கணக்கு எழுதுகிறவர் என்பது எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பக்கம் கோடு போடுங்கள்: தேதி, இளைப்பு வந்த நேரம், சளி உண்டா, நாற்றம் உண்டா, காற்று எந்தப் பக்கம், எத்தனை முறை மருந்து. மணலியிலும் ராயபுரத்திலும் கொடுங்கையூரிலும் காற்றை அளக்கும் நிலையங்கள் இருக்கின்றன. மத்திய வாரியத்தின் சமீர் செயலியில் அந்த நேரத்து அளவு வரும், அதையும் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு மாதம் எழுதி மருத்துவரிடம் காட்டினால் வீட்டை மாற்றுவதா மருந்தை மாற்றுவதா என்று அவரால் தெளிவாகச் சொல்ல முடியும்.

---

எண்ணூர்க் கழிமுகம்:

நான் அதிகம் படித்தவன் இல்லை, மகள் தட்டச்சு செய்கிறாள். கொசஸ்தலை ஆற்றில் இறால் பிடித்து வளர்ந்த குடும்பம். அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாய் உடைந்து ஓடி, ஆழமாக இருந்த இடமெல்லாம் முழங்கால் அளவாகிவிட்டது. கைவிட்டுத் தடவி இறால் பிடித்த பெண்கள் இப்போது சேற்றில் கைவைத்தால் அரிப்பு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் மிதந்து வந்து படகு, வலை, அலையாத்திச் செடி எல்லாம் கருத்தது. அதே மாதக் கடைசியில் ஒருநாள் நடுராத்திரி அமோனியா கசிந்து, கண் எரிந்து, குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு இருட்டில் ஓடினோம்.

சம்பளம் வந்ததா என்று கேட்கிறீர்கள். எங்களுக்குச் சம்பளமே கிடையாது, மீன்தான். மடவையும் நண்டும் போனபோது சாப்பாட்டில் இருந்த சத்தும் போனது. இப்போது என் மனைவிக்குச் சர்க்கரை, ரேஷன் அரிசிச் சோறே மூன்று வேளையும். அதை எந்த நோட்டில் எழுதுவார்கள் என்று தெரியவில்லை. மணலித் தம்பி சொன்னது சரிதான், வேலை வேண்டும். ஆனால் அந்த ஆறும் ஒரு வேலைதான், ஆயிரம் குடும்பத்துக்குச் சோறு போட்டது. கணக்குப் பார்த்தவர்கள் அதை வேலையாக எண்ணவில்லை.

---

ஒற்றியூர் அம்மா:

ஐயா, தங்கை, அண்ணா, தம்பி, எல்லோருக்கும் நன்றி. செவிலியர் தங்கை கேட்டது சரி. தடுப்பு இன்ஹேலர் இரண்டு வருடம் முன்பே எழுதிக் கொடுத்தார்கள். என் மாமியார் வேண்டாம் என்றார், நானும் பயந்தேன். நேற்று எடுத்துப் பார்த்தால் காலாவதியாகியிருந்தது. புதிது வாங்கி, ஸ்பேசரோடு தொடங்கிவிட்டோம். சுருளை நிறுத்தி வலை கட்டியாயிற்று. மகள் அதைக் கூடாரம் என்று சொல்லிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள்.

முழு ஆண்டுத் தேர்வு முடியும்வரை வீடு மாற்றுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். எங்கள் தெருவில் மட்டும் இளைப்புக் குழந்தைகள் நான்கு பேர் இருப்பது இந்த வாரம்தான் தெரிந்தது. நான்கு தாய்மாருக்கும் ஒரே மாதிரிக் கோடு போட்ட நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஒரே இரவில் நான்கு வீட்டிலும் ஒரே நேரத்தில் இளைப்பு வருகிறதா என்று பார்க்கப் போகிறோம். வார்டு ஏரியா சபைக் கூட்டத்தில் நான்கு நோட்டையும் வைப்போம். மணலித் தம்பியின் மனைவியும் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். எண்ணூர் அண்ணா, உங்கள் மகளுக்கும் ஒரு நோட்டு அனுப்புகிறேன். மீனையும் அதில் எழுதட்டும்.

ஆய்வாளர் ஐயாவிடம் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. வருகிற மே மாதம் அந்த எட்டு முழ வேட்டியை இரண்டாகக் கிழிக்கப் போகிறேன். ஒரு துண்டை ராத்திரி பத்து மணிக்கு விரித்து விடிந்ததும் மடித்துவிடுவேன். இன்னொன்றைக் கடற்காற்று தொடங்கிய பிறகு மத்தியானம் விரித்து, அதே அளவு நேரம் வைத்து எடுப்பேன். மகள் நாற்பது கிண்ணங்களைக் கவிழ்த்து வட்டம் வைக்கிறேன் என்கிறாள். தூசியைத் தட்டாமல் அப்படியே மடித்து எடுத்துப் போக என்ன செய்ய வேண்டும்?